வால்வு கிட்டார் ப்ரீஆம்பில் கெயின் போதவில்லை என்றால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கெயின், அதாவது கிட்டாரின் சிறு சிக்னலை ப்ரீஆம்ப் என்ற முதல் பெருக்கிப் பகுதி உயர்த்தும் அளவு, போதவில்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் மூன்று வெவ்வேறு குறைகளில் ஏதேனும் ஒன்றைச் சொல்லக்கூடும். ஒலி மெலிவாக இருக்கிறது என்பது ஒன்று. ஒலி உரக்கவே வருகிறது, ஆனால் எவ்வளவு திருகினாலும் டிஸ்டார்ஷன் (அலை சிதைந்து வரும் முரட்டு ஒலி) வருவதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே இருக்கின்றன, ஆனால் சுரம் நீண்டு நிற்காமல் சட்டென அடங்கிவிடுகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வால்வை மாற்றுவதும் மின்தேக்கியைச் சேர்ப்பதும் பணத்தைக் கரைக்குமே ஒழிய, பெரும்பாலும் குறையைத் தீர்ப்பதில்லை.

பொதுப்படப் பேசினால் எண்கள் கிடைக்காது என்பதால், இங்கே ஒரு குறிப்பிட்ட சுற்றை எடுத்துக்கொள்கிறேன். ஃபெண்டர் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த ஏபி763 சுற்று, குறிப்பாக அதன் டீலக்ஸ் ரிவெர்ப் வடிவம், இன்று பலரும் பாகத் தொகுப்பாக (கிட்) வாங்கியோ தாமே பாகம் சேர்த்தோ கட்டுகிற ஒன்று. அதன் நார்மல் சேனலில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வின் இரண்டு பாதிகள்தாம் வேலை செய்கின்றன: முதல் பாதி பிக்கப்பின் சிக்னலைப் பெருக்குகிறது, அதன்பின் டோன் ஸ்டாக்கும் (பேஸ், டிரெபிள் திருகிகள் அடங்கிய சுற்று) வால்யூமும் வருகின்றன, அதன்பின் இரண்டாம் பாதி மீண்டும் பெருக்குகிறது. ஐரோப்பியப் பெட்டிகளில் ஈசிசி83 என்று அச்சிட்டிருப்பதும் இதே வால்வுதான். ஒவ்வொரு பாதியிலும் சிக்னல் கிரிட் என்ற முனையில் நுழைகிறது, கேதோடுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தை அது கட்டுப்படுத்துகிறது, பெருக்கிய சிக்னல் பிளேட்டில் கிடைக்கிறது. மார்ஷல், மெசா பூகி போன்ற பிற நிறுவனங்களின் சுற்றுகளையும் ஒப்பீட்டுக்காக இடையிடையே தொட்டுச் செல்வேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்த ஆம்பின் உள்ளே மின்னழுத்தம் 400 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகள் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். சில கிலோஓம் மதிப்புள்ள, சில வாட் தாங்கும் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கிளிப்புகளில் பொருத்தி, ஒவ்வொரு வடிகட்டி மின்தேக்கியையும் அதன் வழியாகச் சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) வடித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே விரல் உள்ளே போகவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாகக் குறுக்கிடுவது மின்தேக்கிக்கும் கெடுதி, உங்களுக்கும் கெடுதி. மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அளவுகோலை முதலில் வைத்துக்கொள்ளுதல்

குறை எங்கே என்று காதால் தேடுவது இருட்டில் துழாவுவதைப் போன்றது. ஒரு கைப்பேசிச் செயலியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை எடுத்து, மல்ட்டிமீட்டரில் 100 மில்லிவோல்ட் காட்டும்படி அளவைக் குறைத்து, முதல் இன்புட்டில் கொடுங்கள். 400 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம், விலை குறைந்த மீட்டர்கள் அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் மாறுதிசை மின்னழுத்தத்தைத் தவறாகக் காட்டுவதுதான். பிளேட்டில் நேர்மின்னழுத்தமும் (டிசி) சேர்ந்தே இருப்பதால், மீட்டரின் முனையோடு 630 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைத்துக்கொண்டு அளப்பது நல்லது. இல்லாவிட்டால் சில மீட்டர்கள் அந்த நேர்மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நம்பமுடியாத எண்ணைக் காட்டும்.

டோன் திருகிகள் நடுவிலும் வால்யூம் முழுவதும் இருக்கும்போது, நல்ல நிலையில் உள்ள சேனலில் முதல் பிளேட்டில் 4 முதல் 6 வோல்ட் வரை கிடைக்கும். டோன் ஸ்டாக்கையும் வால்யூமையும் கடந்து இரண்டாம் கிரிட்டுக்கு வரும்போது அது ஏறத்தாழ அரை வோல்ட்டாகச் சுருங்கிவிடும். இரண்டாம் பிளேட்டில் மீண்டும் 15 முதல் 30 வோல்ட் வரை ஏறும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ஆம்பின் மேல் ஒட்டிவைத்தால், கீழே சொல்லும் அறிகுறிகளில் பாதியை ஐந்தே நிமிடத்தில் பிரித்துவிடலாம். நடுவே உள்ள எண்ணைக் கவனியுங்கள்: வால்வு பாடுபட்டுச் சம்பாதித்ததில் பத்தில் ஒன்பது பங்கு டோன் ஸ்டாக்கில் கரைகிறது. கெயின் வேண்டுவோர் வால்வையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கசிவு அதற்கு அடுத்த அறையில் நடக்கிறது.

நேற்றுவரை இருந்த கெயின் இன்று இல்லை

இது பழுது, வடிவமைப்புக் குறை அன்று. ஆகவே எதையும் சேர்க்கவோ மாற்றவோ முற்படாமல், போனதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேபிள் எந்த இன்புட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டாம் இன்புட்டில் இரண்டு 68 கிலோஓம் மின்தடைகள் சிக்னலைச் சரிபாதியாகப் பிரிக்கின்றன. அதாவது 6 டெசிபெல் அங்கேயே போய்விடும். இதைச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடை இருட்டில் எல்லோருக்கும் நேர்வது இது. அடுத்து, நல்லது என்று தெரிந்த வேறொரு 12ஏஎக்ஸ்7ஐப் போட்டுப் பாருங்கள். மாற்றியும் மாறவில்லை என்றால் வால்வுகளை மேலும் வாங்கிக் குவிக்காதீர்கள்.

என்னிடம் வந்த ஓர் ஆம்பில் அதன் உரிமையாளர் ஏற்கெனவே மூன்று வால்வுகளை மாற்றியிருந்தார். உண்மையில் செத்திருந்தது முதல் கேதோடில் இருந்த 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. மின்பகுளி உலர்ந்துபோன அந்தச் சிறு உருளை, கெயினைப் பாதியாக்கிவிட்டிருந்தது. கணக்கு இதுதான்: 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100, அதன் உள் மின்தடை ஏறத்தாழ 62.5 கிலோஓம், பிளேட் மின்தடை 100 கிலோஓம். கேதோடு மின்தேக்கி நன்றாக இருந்தால் அந்த நிலையின் (ஒரு வால்வுப் பாதியும் அதன் பாகங்களும் சேர்ந்த பெருக்கும் கட்டத்தின்) பெருக்கம் சுமார் 60. மின்தேக்கி இல்லாவிட்டால், 1.5 கிலோஓம் கேதோடு மின்தடை எதிர்ப்பின்னூட்டம் தந்து அதை 32 அளவுக்கு இறக்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 6 டெசிபெல். மின்தேக்கி படிப்படியாக உலரும்போது முதலில் தாழ்சுரங்கள் மெலிந்து, பின்னரே மொத்த ஒலியும் மெலிகிறது என்பதால், சில மாதங்களாகவே பேஸ் குறைந்துவருவதாகத் தோன்றியிருந்தால் சந்தேகத்தை இங்கே வையுங்கள். சோதிப்பது எளிது: மின்சாரத்தை நிறுத்தி, மின்னூட்டத்தை வடித்துவிட்டு, புதிய 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பழையதன் மேலேயே கிளிப்பால் இணைத்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நேர்முனை கேதோடின் பக்கம் இருக்கவேண்டும்.

அதுவும் இல்லையென்றால் நேர்மின்னழுத்தங்களை அளக்கவேண்டும். கேதோடில் 1.2 முதல் 1.8 வோல்ட் வரையும், பிளேட்டில் 150 முதல் 220 வோல்ட் வரையும் இருப்பது இயல்பு. ஆனால் தனித்தனி எண்களைவிட அவற்றுக்கிடையே உள்ள உறவுதான் அதிகம் பேசும். கேதோடு வழியாகவும் பிளேட் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது என்பதால், 1.5 கிலோஓமில் 1.5 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர். அப்படியானால் 100 கிலோஓம் பிளேட் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 100 வோல்ட் இருந்தாகவேண்டும். அங்கே 150 வோல்ட் காட்டினால் அந்த மின்தடை காலப்போக்கில் 150 கிலோஓமாக ஏறிவிட்டது என்று பொருள். பழைய கார்பன் காம்போசிஷன் மின்தடைகளுக்கு இது வழக்கமான நோய். கூடவே எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற சத்தமும் வரும். பிளேட்டில் ஒன்றுமே இல்லையென்றால் மின்தடை அறுந்துவிட்டது. பிளேட்டில் முழு வழங்கல் மின்னழுத்தமும் அப்படியே இருந்தால் வால்வின் வழியாக மின்னோட்டமே ஓடவில்லை.

இரண்டாம் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏதேனும் தென்பட்டால் அதற்கு முந்தைய மின்தேக்கிகளில் ஒன்று கசிகிறது. மீட்டரில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு தெரிந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வருவதும் இதே கசிவின் இன்னொரு முகம்.

புதிதாகக் கட்டியது, முதல் நாளிலிருந்தே மெலிவு

கிட்டாகக் கட்டிய ஆம்பில், பாகம் பழுதாவதைவிடப் பாகம் மாறிப்போவதே அதிகம். 1.5 கிலோஓமின் பட்டைகள் பழுப்பு, பச்சை, சிவப்பு. 15 கிலோஓமின் பட்டைகள் பழுப்பு, பச்சை, ஆரஞ்சு. மாலை விளக்கொளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும். கேதோடில் 15 கிலோஓம் அமர்ந்துவிட்டால் வால்வு ஏறக்குறைய அணைந்த நிலைக்குப் போய், கேதோடு மின்னழுத்தம் வழக்கத்தைவிட இரு மடங்கு ஏறி, பிளேட் மின்னழுத்தம் வழங்கலை நெருங்கி நிற்கும். மேலே சொன்ன உறவுக் கணக்கு இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

வால்வின் உடலில் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை படியுங்கள். 12ஏஎக்ஸ்7, 5751, 12ஏடி7, 12ஏஒய்7, 12ஏயு7 ஆகிய ஐந்தும் ஒரே சாக்கெட்டில் அமரும், ஒரே கால் அமைப்பு உடையவை. பெருக்கக் காரணி மட்டும் முறையே 100, 70, 60, 44, இருபதுக்குச் சற்றுக் கீழே என்று இறங்கிக்கொண்டே போகும். ஃபெண்டர் 1950களின் இறுதியில் செய்த 5எஃப்6-ஏ பாஸ்மேனில் முதல் இடத்தில் 12ஏஒய்7 இருந்தது. அதைப் பார்த்துக் கட்டிய மார்ஷலின் ஜேடிஎம்45இல் அதே இடத்தில் ஈசிசி83 வந்தது. சுற்று ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் பின்னது விரைவாக டிஸ்டார்ஷனுக்குப் போவதற்கு இந்த ஒரு மாற்றமும் காரணங்களில் ஒன்று. ஆகவே உங்கள் முதல் சாக்கெட்டில் 12ஏஒய்7 இருந்தால், செலவு குறைந்த 5 டெசிபெல் அங்கேயே காத்திருக்கிறது.

வால்வின் ஒரு பாதி மட்டும் சிவந்து ஒளிர்ந்தால் ஹீட்டர் (கேதோடைச் சூடாக்கும் இழை) இணைப்பில் 4ஆம் காலோ 5ஆம் காலோ விட்டுப்போயிருக்கிறது. 6.3 வோல்ட் அமைப்பில் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு முனையிலும் 9ஐ மறு முனையிலும் இணைக்கவேண்டும்.

எல்லா அளவும் சரி. ஆனாலும் ஒலியில் சதை இல்லை

பழுது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பகுதிக்கு வரவேண்டும். இப்போது நீங்கள் சந்திப்பது ஃபெண்டர் பொறியாளர்கள் வேண்டுமென்றே செய்த ஒரு தேர்வை. அவர்கள் உரத்த, துலக்கமான ஒலியை விரும்பினார்கள். அதற்காக நடுச்சுரங்களை ஆழமாக வெட்டினார்கள்.

வெட்டு எப்படி நிகழ்கிறது என்பதை இரண்டே மின்தடைகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். டோன் ஸ்டாக்கின் தொடக்கத்தில் 100 கிலோஓம் சரிவு மின்தடை. அதன் அடியில், டீலக்ஸ் ரிவெர்பில் நடுச்சுரத் திருகி இருக்கவேண்டிய இடத்தில், நிலையான 6.8 கிலோஓம். நடுச்சுரங்களைப் பொறுத்தவரை இது வெறும் மின்னழுத்தப் பிரிப்பான். பதினைந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கீழே மிஞ்சுகிறது. டிரெபிள் வழியாகக் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்து வருவதால் மொத்த இழப்பு 20 டெசிபெலை ஒட்டி நிற்கிறது. அந்த 6.8 கிலோஓமை எடுத்துவிட்டு 25 கிலோஓம் திருகி ஒன்றைப் போட்டால், அதை முழுவதும் திருப்பும்போது பிரிப்பு ஐந்தில் ஒன்றாகிறது. வெட்டின் ஆழத்தில் 9, 10 டெசிபெல் வரை மீள்கிறது. பின்புறம் பயன்படாத ஓட்டை ஒன்று இருந்தால் துளையிடும் வேலைகூட இல்லை. இந்த ஆம்பில் செய்யக்கூடிய மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய் என்று யாரேனும் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனெனில் திருகியைப் பழைய 6.8 கிலோஓம் அளவுக்கு இறக்கினால் பழைய ஒலியும் அப்படியே திரும்பக் கிடைக்கிறது.

சரிவு மின்தடையை 100இலிருந்து 56 கிலோஓமாகக் குறைப்பது இன்னொரு வழி, 6.8 கிலோஓமை வைத்துக்கொண்டே பிரிப்பு ஒன்பதில் ஒன்றுக்கு உயரும். மார்ஷல் தன் பிற்கால ஆம்புகளில் 33 கிலோஓமும் 25 கிலோஓம் திருகியும் வைத்ததை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பிழைக்கிறது. மார்ஷலின் நடுச்சுரம் முன்னே நிற்பதற்கு விளக்கம் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் அங்கே டோன் ஸ்டாக்கை ஓட்டுவது ஒரு கேதோடு ஃபாலோயர் (பெருக்காமல் பாரத்தை மட்டும் சுமக்கும் வால்வு நிலை) என்பதால் அந்தப் பாரம் பெருக்கும் நிலையைத் தாக்குவதில்லை. இங்கே முதல் பிளேட்டே நேரடியாகச் சுமக்கிறது. ஆகவே ஃபெண்டரில் 33 கிலோஓம் வரை இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

டோன் ஸ்டாக்கின் அடிமுனையைச் சேசிஸிலிருந்து ஒரு ஸ்விட்ச் மூலம் பிரித்துவிடுவதும் உண்டு. அப்போது பேஸ், டிரெபிள் திருகிகள் கிட்டத்தட்டச் செயலிழந்து, வெட்டு மறைந்து, இழந்த 20 டெசிபெலில் பெரும்பகுதி ஒரே அடியாகத் திரும்பும். தனி வாசிப்பின்போது மட்டும் கால் ஸ்விட்சால் இயக்க ஏற்றது. வால்யூம் நடுவைத் தாண்டியிருக்கும்போது இதைப் போட்டால் வீட்டார் எழுந்துவிடுவார்கள்.

உரக்க வருகிறது, டிஸ்டார்ஷன் வருவதில்லை

இங்கேதான் பலரும் பெருக்கத்தைப் பெருக்கத்தால் பெருக்க முற்பட்டுத் தடுமாறுகிறார்கள். மெசா பூகியின் ராண்டல் ஸ்மித் ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்புகளை மாற்றியமைத்துத் தொடங்கிய பாதை, ப்ரீஆம்பில் கூடுதலாக ஒரு நிலையைச் சேர்ப்பது. டீலக்ஸ் ரிவெர்பில் வைப்ரேட்டோ சேனலை மட்டும் பயன்படுத்துபவருக்கு நார்மல் சேனலின் வால்வு சும்மா இருக்கிறது. அதன் ஒரு பாதியை முன்னால் கொண்டுவந்து வைப்ரேட்டோ சேனலோடு தொடராக இணைத்தால் கூடுதல் நிலை கிடைத்துவிடும். புதிதாகச் சாக்கெட் துளைக்கவேண்டாம், ஹீட்டர் பளுவும் ஏறாது. நார்மல் சேனலின் வெளியீட்டை மட்டும் இரு சேனல்களையும் ஒன்றுசேர்க்கும் கலப்பு மின்தடையிலிருந்து துண்டித்துவிடவேண்டும்.

இரண்டு நிலைகளை நேரடியாகக் கட்டினால் 60 பெருக்கல் 60, அதாவது 3600 என்று கணக்குப் போடுவது காகிதத்தில் இனிக்கும். உண்மையில் நடப்பது வேறு. 100 மில்லிவோல்ட் முதல் நிலையில் 6 வோல்ட்டாகிறது. அடுத்த நிலையின் கேதோடு 1.5 வோல்ட்டில் நிற்கிறது என்றால், அதன் கிரிட் தாங்கும் அலையின் உச்சம் ஏறத்தாழ 1.5 வோல்ட்தான், அதற்கு மேலே போனால் கிரிட் மின்னோட்டம் ஓடத் தொடங்கி அலையின் உச்சி மழுங்கும். ஆக நான்கு மடங்குக்கும் அதிகமான சிக்னலை அதன் தலையில் கொட்டுகிறீர்கள். விளைவு அடர்த்தியான டிஸ்டார்ஷன் அன்று, சேறு.

ஆகவே நிலைகளுக்கு நடுவே இழப்பைத் திட்டமிட்டு வைக்கவேண்டும். முதல் பிளேட்டிலிருந்து 4.7 நானோஃபாரட் மின்தேக்கி, அதன்பின் 470 கிலோஓம் தொடராக, அடுத்த கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 220 கிலோஓம். 6 வோல்ட் இப்போது 2 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் துலக்கமும் ஏற்றினால் டிஸ்டார்ஷனுமாக விரலுக்கு அடங்கும். 220 கிலோஓமுக்குப் பதிலாக 1 மெகாஓம் திருகி வைத்தால் அதுவே கெயின் திருகி. 4.7 நானோஃபாரடும் 690 கிலோஓமும் சேர்ந்து 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டத் தொடங்கும், 2.2 நானோஃபாரட் என்றால் 105 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்பதை மனத்தில் வைத்து இரண்டையும் போட்டுக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

திட்டமிட்ட இழப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மார்ஷல் ஜேசிஎம்800 2203ஐவிடத் தெளிவான சான்று இல்லை. அதிக கெயினுக்குப் பெயர்பெற்ற அந்த ஆம்பின் இரண்டாம் நிலையில் கேதோடு மின்தடை 10 கிலோஓம். அதன் மேல் மின்தேக்கியும் இல்லை. மேலே பயன்படுத்திய அதே கணக்கைப் போட்டால் அந்த நிலையின் பெருக்கம் ஒன்பதைக்கூட எட்டுவதில்லை. அது பெருக்குவதற்காக வைத்ததன்று; வால்வை அணையும் விளிம்பில் நிறுத்தி, அலையின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவதற்காக வைத்தது. அதற்கு அடுத்தும் 470 கிலோஓம் இரண்டு சேர்ந்து சிக்னலைப் பாதியாக்குகின்றன. கூட்டுவதும் கழிப்பதும் மாறி மாறி வருகிற இந்த ஒழுங்கில்தான் அந்த ஒலி பிறக்கிறது.

பற்றவைக்கும் கருவியைத் தொடாமலே இதைப் பெற விரும்புபவருக்கு, 10 முதல் 20 டெசிபெல் தரும் பூஸ்டர் பெடல் போதும்; அதன் விலை ஒரு நல்ல வால்வின் விலையைவிட அதிகம் தள்ளி இராது. விண்டேஜ் ஆம்பை வைத்திருப்பவர் கட்டாயம் இந்த வழியையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

கெயினை ஏற்றியபின் கீச்சிடுகிறது, அல்லது படகு மோட்டார்போல் துடிக்கிறது

கிட்டாரைப் பிடுங்கியபின்னும் கீச்சொலி நிற்கவில்லை என்றால் அது ஃபீட்பேக் அன்று, சுற்றே அலைவுறுகிறது. பிளேட் கம்பி எதுவும் முந்தைய நிலையின் கிரிட் கம்பிக்கு இணையாக ஓடக்கூடாது. ஒரு மரக்குச்சியால் கம்பிகளை மெல்ல நகர்த்தும்போது கீச்சொலியின் சுருதி மாறினால், எந்தக் கம்பி என்று தெரிந்துவிடும். புதிதாகச் சேர்த்த கிரிட் கம்பிக்கு உறையிட்ட கேபிளைப் பயன்படுத்தி, உறையை ஒரு முனையில் மட்டும் சேசிஸோடு இணையுங்கள். தொடர் மின்தடையைப் பலகையில் வைக்காமல் சாக்கெட்டின் காலிலேயே பற்றவையுங்கள்.

விநாடிக்குச் சில முறை பட்பட் என்று துடிப்பது மின்வழங்கலின் வேலை. ஒரே வடிகட்டி மின்தேக்கியிலிருந்து முதல் நிலையும் மூன்றாம் நிலையும் மின்னூட்டம் பெற்றால், மூன்றாம் நிலையின் ஏற்ற இறக்கம் வழங்கல் வழியாக முதல் பிளேட்டுக்கு வந்து, இரண்டு முறை தலைகீழாகி, தன்னோடு தானே ஒத்துப்போய் வளரும். சேர்த்த நிலைக்கு 10 கிலோஓம் மின்தடையும் 450 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட தனி வழங்கல் கொடுத்தால் இது அடங்கும்.

வால்வைப் பென்சிலால் தட்டும்போது மணியோசை கேட்டால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது தன்மேல் படும் அதிர்வையே ஒலியாக மாற்றுகிறது. பழைய வால்வு ரேடியோவைத் தலையில் தட்டிப் பாடவைத்த தலைமுறைக்கு இது புதிதன்று. அதைத் தூக்கி எறியாமல், கெயின் குறைந்த வேறோர் இடத்துக்கு மாற்றிவையுங்கள்.

இரைச்சலும் முனகலும் சேர்ந்தே ஏறுகின்றன

முதல் நிலையில் உள்ள இரைச்சலைப் பின்னால் வரும் எல்லா நிலைகளும் பெருக்கும் என்பதால், செலவை அங்கே செய்வதே நியாயம். முதல் பிளேட்டின் 100 கிலோஓமை மெட்டல் ஃபிலிம் வகைக்கு மாற்றினால் சீறல் கேட்கும்படியாகக் குறையும். இன்புட்டின் 68 கிலோஓம் மின்தடைகளும் வெப்ப இரைச்சல் தருபவைதாம். ஒற்றை இன்புட்டே போதும் என்பவர் அவ்விடத்தில் 10 கிலோஓம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முனகலின் சுருதியைக் கேளுங்கள். மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில், 50 ஹெர்ட்ஸ் ஆழ்ந்த முனகல் ஹீட்டர் கம்பியிலிருந்து வருகிறது. 100 ஹெர்ட்ஸ் சற்றே கரடான முனகல் வடிகட்டி மின்தேக்கியிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இவை 60, 120 என்று இருக்கும். ஹீட்டர் கம்பிகளை இறுக்கமாக முறுக்கி, இரு பக்கமும் 100 ஓம் மின்தடைகள் வைத்து, அவை சந்திக்கும் இடத்தைச் சேசிஸுக்குப் பதிலாக 30 முதல் 50 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் நிறுத்தினால் முதல் வகை பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலமாக மீட்டினால் ஒலி ஒரு கணம் அடைத்துப்போகிறது

முதலில் சொன்ன மூன்றாம் குறையின் வேர் பெரும்பாலும் இதுதான். கிரிட் மின்னோட்டம் ஓடும்போது அதற்கு முன்னால் உள்ள மின்தேக்கி மின்னூட்டம் பெற்று, கிரிட்டை எதிர்மின்னழுத்தத்தில் தள்ளிவிடுகிறது. அது வடியும்வரை வால்வு வாய்மூடி நிற்கிறது. கெயினை மேலும் ஏற்றுவது இதை மேலும் கெடுக்கும். மின்தேக்கியைச் சிறியதாக்குங்கள், கிரிட்டுக்கு முன்னால் தொடர் மின்தடையைப் பெரியதாக்குங்கள். ஆனால் பிந்தையதற்கும் ஒரு விலை உண்டு: பெருக்கத்தின் காரணமாகக் கிரிட்டில் 100 பிக்கோஃபாரட்டுக்கும் மேற்பட்ட மின்தேக்கம் இருப்பதுபோலத் தோன்றும்; சேசிஸுக்கு மின்தடை இல்லாமல் 470 கிலோஓமை மட்டும் தொடராக வைத்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்சுரங்கள் மங்கிவிடும். மார்ஷல் அந்த 470 கிலோஓமின் குறுக்கே 470 பிக்கோஃபாரட் வைத்தது இந்த மங்கலைப் போக்கத்தான்.

வால்வு ஒளிர்கிறது, ஆனால் மாற்றினாலும் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை

இது ஆம்பைச் சேர்ந்ததன்று. விலை குறைந்த தனி ப்ரீஆம்புகளிலும் பெடல்களிலும் காண்பது. பிளேட்டில் அளந்து பாருங்கள். 200 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 12 முதல் 50 வோல்ட் வரைதான் இருந்தால், கெயினைத் தருவது அருகில் உள்ள ஆப்-ஆம்ப் சில்லு. வால்வு ஒலிக்கு லேசாக நிறம் கூட்டுகிறது, அவ்வளவே. சிலவற்றில் வால்வின் அடியில் ஆரஞ்சு எல்இடி ஒன்றை வைத்து ஒளியையும் கடன் வாங்கியிருப்பார்கள். இங்கே கேதோடு மின்தேக்கி சேர்ப்பதாலோ விலை உயர்ந்த வால்வு வாங்குவதாலோ பயன் இல்லை. ஆப்-ஆம்பின் பின்னூட்ட மின்தடையை ஒன்றரை மடங்காக்கினால், தலைகீழாக்கும் அமைப்பில், கெயினும் அதே அளவுக்கு ஏறும். ஐந்து நிமிட வேலை, பாகத்துக்கு ஆகும் செலவு சில ரூபாய்.